கயாக்கை ஒருமுறை கவிழ்த்துப் பார்த்துவிட்டு அடுக்குங்கள்

ஒரு கயாக். பன்னிரண்டு அடி நீளம், மூன்று அடிக்கும் குறைவான அகலம். அதில் ஒரே ஒரு ஆள், ஒரு துடுப்பு. இவ்வளவுதான் என்றால் எழுத ஒன்றும் இல்லை.

ஆனால் அமெரிக்காவில் மீன் பிடிக்கப் போகிற ஒருவரின் கயாக்கை ஏரிக்கரையில் பார்த்தால் கதை வேறு. முதுகுக்குப் பின்னால் முள்ளம்பன்றி சிலிர்த்துக்கொண்டு நிற்பதுபோல் ஆறேழு தூண்டில் ராடுகள். முன்னால் மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியின் திரை. அதற்கு ஒரு பேட்டரி. இடுக்கி, கைவலை, மீனை அளக்கும் பலகை, நங்கூரம், ஐஸ் பெட்டி, பொய்யிரை நிரம்பிய டப்பாக்கள் ஐந்தாறு... வீடு காலி செய்கிறவரின் வண்டி மாதிரி இருக்கும்!

இத்தனையையும் எப்படி அடுக்குவது என்று சொல்லித்தர வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலானவை ஒரே கேள்விக்குத்தான் பதில் தேடுகின்றன: உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டுமா? நல்ல கேள்விதான். ஆனால் அது இரண்டாவதாக வர வேண்டிய கேள்வி. இந்தப் படகு கவிழ்ந்தால் இவையெல்லாம் என்ன ஆகும் என்பதை முதலில் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் அடுக்கிய கயாக், கரையில் போட்டோ எடுக்க மட்டும்தான் நன்றாக இருக்கும்.

பழைய ஆட்கள் எப்படி அடுக்கினார்கள்?

கயாக்கைக் கண்டுபிடித்தவர்கள் ஆர்க்டிக் பகுதி மக்கள். கிரீன்லாந்தின் இன்யூட் வேட்டைக்காரர் கடல்நாய் வேட்டைக்குப் போகும்போது அவர் படகிலும் சாமான் உண்டு. எறியீட்டி, படகின் மேல்தளத்தில் குறுக்கே கட்டிய தோல்வார்களுக்குள் செருகியிருக்கும். ஈட்டியோடு சேர்ந்த கயிறு, அவருக்கு நேர் முன்னால் ஒரு சிறு தாங்கியின் மேல் வளையம் வளையமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். கடல்நாய்த் தோலை ஊதிச் செய்த மிதவை பின்னால். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும் கிடைக்கும் இடம்.

அந்தக் கயிற்றுத் தாங்கி வெறும் வசதிக்கு வந்ததல்ல. ஈட்டி பட்ட கடல்நாய் நீருக்குள் பாயும்போது கயிறு கையிலோ துடுப்பிலோ சிக்கினால் படகு கவிழும். உறைய வைக்கும் கடலில் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கவிழ்ந்த கயாக்கை உள்ளே இருந்தபடியே உருட்டி நிமிர்த்தும் வித்தையில் கிரீன்லாந்துக்காரர்களிடம் பலவகை உண்டு. துடுப்பு கைவிட்டுப் போனால் ஒரு வகை, ஒரு கை கயிற்றில் மாட்டிக்கொண்டால் இன்னொரு வகை. அதாவது, கவிழ்வதையும் சிக்குவதையும் கணக்கில் வைத்துத்தான் அவர்கள் படகில் ஏறினார்கள்.

இன்று மீன் பிடிக்கப் பயன்படுகிற கயாக் பெரும்பாலும் வேறு வகை. ஆள் உள்ளே நுழைந்து உட்காராமல் மேலேயே உட்காருகிற வகை. 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் மலிபு கரையில் டிம் நீமியர் இப்படிப்பட்ட படகுகளைச் செய்து பரப்பினார். உள்ளே புகுந்த தண்ணீர் தானாக வடிய தளத்திலேயே துளைகள் இருக்கும். தமிழர்களுக்கு இது புதிய யோசனை இல்லை. கட்டுமரமும் இப்படித்தான், அலை மேலே ஏறினாலும் மரங்களின் இடுக்கில் வடிந்துவிடும், கவிழ்ந்தாலும் மூழ்காது. கட்டாமல் வைத்தது எதுவும் அதில் தங்காது என்பதும் உண்மை. 'கேட்டமரான்' என்று ஆங்கிலத்துக்குப் போன அந்தச் சொல்லிலேயே 'கட்டு' இருக்கிறது!

பால் கிரேட் புராணம்

மேலே உட்காரும் கயாக்கில் முதுகுக்குப் பின்னால் ஒரு பள்ளமான இடம் இருக்கும். அமெரிக்க மீன்பிடிப் பிரியர்கள் அதில் பால் கிரேட்டைத் தூக்கி வைத்தார்கள். பால் பாக்கெட்டும் பாட்டிலும் அடுக்கும் அதே சதுரப் பிளாஸ்டிக் கூடைதான். பக்கத்துக்கு 13 அங்குலம், உயரம் 11 அங்குலம். வெளிப்பக்கம் பிவிசி பைப்பைத் துண்டு போட்டு டேக்கால் கட்டினால் ராடு ஸ்டாண்ட் தயார். உள்ளே டப்பாக்கள். செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். (பால் கம்பெனியின் கிரேட்டை இப்படி எடுத்துப் பயன்படுத்துவது பல மாநிலங்களில் சட்டப்படி குற்றம் என்பது தனிக்கதை.) பிறகு கம்பெனிகளே மூடி, கைப்பிடி, ராடு குழாய் எல்லாம் வைத்து இதற்கென்றே பெட்டிகள் செய்து நல்ல விலைக்கு விற்க ஆரம்பித்தன.

கிரேட்டின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். பொய்யிரை வைக்கும் தட்டையான டப்பாக்களில் பிளானோ 3600 என்ற அளவு பிரபலம். சுமார் 11 அங்குல நீளம், 7 அங்குல அகலம், 2 அங்குலத்துக்கும் குறைவான தடிமன். நாலைந்து டப்பாக்களைப் புத்தகம் போல நிற்க வைத்தால் கிரேட்டில் கச்சிதமாக நிற்கும். முதுகில் பெயர் எழுதி ஒட்டிவிட்டால் எது எங்கே என்று தேட வேண்டாம். இன்னொரு டப்பாவைக் காலியாகவே கொண்டு போவது புத்திசாலித்தனம். பயன்படுத்திய ஈரமான இரையை அதில் போட வேண்டும். உப்பு நீர் பட்ட ஒரே ஒரு முள்ளைப் பழைய டப்பாவில் திரும்பப் போட்டால், மற்ற முட்களும் சேர்ந்து துருப்பிடித்துவிடும்.

சரி, கெட்ட பக்கம்? கிரேட் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இடுப்பைத் திருப்பி, ஒரு பக்கம் சாய்ந்து, கையை விட வேண்டும். மூன்றடி அகலப் படகில் உடம்பின் எடை ஓரத்துக்குப் போகிற நேரம் அதுதான். அந்த நொடியில் பக்கத்தில் போகும் மோட்டார் படகின் அலை வந்தால்? கனமான பேட்டரியையும் ஈயக்குண்டுகளையும் கிரேட்டின் மேல்பகுதியில் வைத்திருந்தால் ஆட்டம் இன்னும் கூடும். நெட்டக்குத்தாக நிற்கும் ராடுகள், தாழ்ந்த மரக்கிளையிலும் பாலத்தின் அடியிலும் மாட்டும். தூண்டிலை வீசக் கையைப் பின்னால் ஓங்கும்போது சொந்த ராடிலேயே முள் மாட்டிக்கொள்ளும்.

ஏ பி சி அனாலிஸிஸ்

காமர்ஸ் பாடத்தில் சரக்கு நிர்வாகம் என்று ஒன்று வரும். குடோனில் உள்ள எல்லாச் சரக்கையும் ஒரே மாதிரி கவனிக்க முடியாது. அதனால் மதிப்பு அதிகமுள்ள சிலவற்றை ஏ என்றும், நடுத்தரமானதை பி என்றும், எண்ணிக்கையில் அதிகமாகவும் மதிப்பில் குறைவாகவும் உள்ளதை சி என்றும் பிரிப்பார்கள். கயாக்குக்கு இது அப்படியே பொருந்தும். ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். குடோனில் மதிப்பு என்றால் ரூபாய். தண்ணீரில் மதிப்பு என்றால், அது கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது.

அப்படிப் பார்த்தால் ஏ வகையில் நானூறு டாலர் ராடு வராது! விசில், நரம்பை அறுக்கும் சிறு கத்தி, தண்ணீர் புகாத வாக்கி டாக்கி அல்லது உறையில் போட்ட செல்போன், இவைதான் ஏ. இவை லைஃப் ஜாக்கெட்டின் பையில், உடம்போடு இருக்க வேண்டும். ஏனென்றால் ஆள் விழுந்த பிறகு காற்று கயாக்கைத் தள்ளிக்கொண்டு போகும். நீந்திப் பிடிக்க முடியாத வேகத்தில்கூடப் போகும். கிரேட்டுக்குள் பத்திரமாக இருக்கும் போனால் அப்போது யாருக்கும் பிரயோஜனமில்லை.

பி வகை, இடுப்பைத் திருப்பாமல் எட்ட வேண்டியவை: இடுக்கி, இப்போது பயன்படுகிற இரைகள் உள்ள ஒரே டப்பா, தண்ணீர் பாட்டில், ஒன்றிரண்டு ராடு. சி வகை, பின்னால் கிரேட்டில் கட்டி வைப்பவை. நான்காவதாக டி என்று ஒன்றும் சேர்க்கலாம். காரிலேயே விட்டுவிட்டு வர வேண்டியவை! நேர்மையாகப் பிரித்தால் இந்தப் பட்டியல்தான் மிக நீளமாக இருக்கும்.

கட்டலாமா, வேண்டாமா?

எல்லாவற்றையும் ஒரு சுருள் கயிற்றால் படகோடு கட்டிவிடு என்பது ஒரு கட்சி. கட்டாதே, மிதவை மாட்டு என்பது எதிர்க்கட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு. கட்டாத ராடும் ரீலும் நேரே அடிக்குப் போய்விடும். ஆனால் ஏழு ராடுக்கு ஏழு கயிறு கட்டிய படகு கவிழ்ந்தால் என்ன நடக்கும்? ஏழு ராடும் தலைகீழாகத் தண்ணீருக்குள் தொங்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் மும்முனை முள். இழுத்தால் அறாத பின்னல் நரம்பு. அந்தக் காட்டுக்குள்தான் ஆள் காலை உதைத்து நீந்த வேண்டும்.

கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்தும் முறையை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் புரியும். அடிப்பக்கம் மேலே கிடக்கும் படகின் குறுக்கே கையை நீட்டி, எதிர் ஓரத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துத் திருப்ப வேண்டும். பிறகு படகின் நடுவே, பக்கவாட்டில் இருந்து, காலை உதைத்து வயிறு படும்படி மேலே ஏறி, புரண்டு உட்கார வேண்டும். இப்போது கவனியுங்கள். அடியில் தொங்கும் ராடுகளும் கிரேட்டும் நிமிர்த்தவிடாமல் இழுக்கும். நிமிர்த்திய பிறகு, ஏற வேண்டிய நடுப்பகுதியில் ராடு குழாய் ஒருபக்கம், திரையின் கம்பி மறுபக்கம். வயிற்றை எங்கே வைப்பது? கை நீட்டினால் எட்ட வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பொருத்தியவை எல்லாம் சரியாக ஏறும் வழியில் நிற்கின்றன!

அதனால் ஒரு பக்கமாவது, இருக்கைக்கு அருகே உள்ள ஓரம் மொட்டையாக இருக்க வேண்டும். ராடுகளைப் படுக்க வைத்து வாரால் இறுக்க வேண்டும், முள்ளுக்கு உறை போட வேண்டும். கடலில் அலையைத் தாண்டி இறங்குவதாக இருந்தால் தளத்தின் மேல் எதுவுமே கூடாது, எல்லாம் உள்ளே போக வேண்டும். துடுப்பைக் கட்டலாம், ஏனென்றால் அது இல்லாமல் கரை சேர முடியாது. இடுக்கிக்கு ஒரு மிதவை போதும். அது விழுந்ததும் பாய்ந்து பிடிக்கப் போய்த்தான் ஆளே விழுகிறார்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும்?

மீன்பிடிப் போட்டிகளில் இறங்குகிறவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 2020-இல் இருந்து பாஸ்மாஸ்டர் அமைப்பே கயாக்குக்கென்று தனித் தொடர் நடத்துகிறது. பிடித்த மீனைப் பலகையில் வைத்து அளந்து, போட்டோ எடுத்து, தண்ணீரில் விட்டுவிட வேண்டும். நேரம் குறைவு. பாசி நிறைந்த இடத்துக்கு ஓர் இரை, ஆழத்துக்கு ஓர் இரை, நீர்மட்டத்துக்கு ஓர் இரை. ஒவ்வொரு தடவையும் அவிழ்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தால் மீன் போய்விடும். அதனால் ஆறு ராடு வேண்டும் என்பார்கள். தவிர, இப்போது வரும் படகுகள் எழுந்து நின்றே வீசுகிற அளவுக்கு அகலமானவை, அவ்வளவு சுலபமாகக் கவிழாது என்றும் சொல்வார்கள்.

நேரக் கணக்கு சரிதான். ஆனால் ராடுகளின் எண்ணிக்கையை ஏரி தீர்மானிக்கக் கூடாது, படுக்க வைத்துக் கட்ட எத்தனைக்கு இடம் இருக்கிறது என்பது தீர்மானிக்கட்டும். மூன்றுக்கு இடமிருந்தால் மூன்று. அகலமான படகு சுலபமாகக் கவிழாது என்பதும் உண்மை. கவிழ்ந்தால் நிமிர்த்துவதும் அதே அளவுக்குச் சுலபமில்லை என்பதும் உண்மை.

இதெல்லாம் அதிகப்படியான பயமா? அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கணக்குப்படி 2023-இல் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 564 பேர். எல்லா வகைப் படகுகளும் சேர்ந்த கணக்கு இது. இறப்புக்குக் காரணம் தெரிந்தவர்களில் 75 சதவீதம் பேர் மூழ்கி இறந்தவர்கள். அப்படி மூழ்கியவர்களில், விவரம் தெரிந்த வரையில், 87 சதவீதம் பேர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. அந்த ஜாக்கெட்டுகளில் எத்தனையோ, 'கை எட்டும் தூரத்தில்' படகிலேயே அழகாக வைக்கப்பட்டிருந்திருக்கும்.

குளிர்ந்த நீர் தரும் அவகாசமும் குறைவு. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று மூன்றே எண்களில் சொல்கிறார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம். கை, கால் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம். நினைவு தப்பச் சுமார் ஒரு மணி நேரம். அந்த நடுவில் இருக்கும் பத்து நிமிடத்தை முள்ளிலிருந்து சட்டையைக் கழற்றுவதில் செலவழிக்க யாருக்கும் கட்டுப்படியாகாது.

பரீட்சை

புதிதாக அடுக்கிய கயாக்குக்கு ஒரு பரீட்சை வைக்கலாம். வெயில் காலம், நெஞ்சளவு வெதுவெதுப்பான தண்ணீர், பக்கத்தில் ஒரு நண்பர், முள் கழற்றிய பழைய ராடுகள். பேட்டரியும் திரையும் கரையில் இருக்கட்டும். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, படகை வேண்டுமென்றே கவிழ்க்க வேண்டும். எது மிதந்து போகிறது, எது அடிக்குப் போகிறது, எது காலில் சிக்குகிறது, எந்தப் பக்கம் ஏற முடிகிறது என்று ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். எந்த வீடியோவும் இதைச் சொல்லித்தராது.

அதன்பிறகு கரைக்கு வந்து மறுபடி அடுக்கும்போது, பாதிச் சாமான் காருக்குத் திரும்பிப் போயிருக்கும்.