அங்கன்வாடி: தாயின் குரல் எட்டியது, பணியாளரின் குரல்?

திருவனந்தபுரம்: அங்கன்வாடியில் உப்புமா வேண்டாம், பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று மழலை மொழியில் கேட்ட கேரளச் சிறுவனின் காணொலி, 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாடெங்கும் பரவியது. அதைப் படம்பிடித்தவர் அவனது தாய். அந்த ஜூன் மாதமே முட்டை பிரியாணி இடம்பெற்ற புதிய உணவுப் பட்டியலை மாநில அரசு வெளியிட்டது. குடும்பத்தின் குரல் கோட்டையை எட்ட சில மாதங்களே போதுமானதாக இருந்தன.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையே, மார்ச் 17 அன்று அங்கன்வாடிப் பணியாளர்களில் ஒரு பிரிவினர் தலைமைச் செயலகத்தின் முன்பு காலவரையற்ற போராட்டத்தைத் தொடங்கினர். குறைந்தபட்ச ஊதியமும் ஓய்வுகாலப் பலன்களும் அவர்களது முக்கியக் கோரிக்கைகள். மதிப்பூதியத்தை ஒரே தவணையில் வழங்க வேண்டும் என்றும் கேட்டனர். மாதச் சம்பளக்காரர் எவரும் கேட்க நேராத கோரிக்கை இது.

பெற்றோருக்கும் மையத்துக்கும் இடையிலான நம்பிக்கை எளிதில் முறியக்கூடியது. 2024 நவம்பரில் திருவனந்தபுரம் மாவட்டம் மாறநல்லூரில் மூன்று வயதுக் குழந்தை அங்கன்வாடியில் விழுந்து பலத்த காயமடைந்தது. அதை உடனடியாகப் பெற்றோரிடம் தெரிவிக்காததால் பணியாளரும் உதவியாளரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். தவறு தவறுதான். ஆயினும் நடவடிக்கை எடுப்பதோடு அரசின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, முன்பருவக் கல்வி அளிப்பது, கர்ப்பிணிகளுக்கு ஊட்டச்சத்துப் பொருள் வழங்குவது, வீடுகளுக்குச் செல்வது, பதிவேடுகளை நிரப்புவது என அனைத்தும் பெரும்பாலும் இரு பெண்களின் தோள்களில் உள்ளன. ‘போஷன் டிராக்கர்’ செயலியில் பயனாளியின் முகத்தைச் சரிபார்த்த பிறகே ஊட்டச்சத்துப் பொருளை வழங்க வேண்டும் என்ற நடைமுறையும் சேர்ந்துள்ளது. தாயிடம் பேச வேண்டிய நேரத்தில் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டியுள்ளது.

1975-இல் தொடங்கிய இத்திட்டம் அவர்களை இன்றளவும் ஊழியர்களாக அன்றி, மதிப்பூதியம் பெறும் தொண்டர்களாகவே கருதுகிறது. பணிக்கொடைச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. மதிப்பூதியத்தை மத்திய அரசு கடைசியாக உயர்த்தியது 2018-இல்: பணியாளருக்கு ரூ.4,500, உதவியாளருக்கு ரூ.2,250. கேரள அரசு தன் பங்காகக் கூடுதல் தொகை வழங்குகிறது. 2025 அக்டோபரில் மேலும் ரூ.1,000 உயர்வை அறிவித்தது. பிற்பகல் மூன்றரை மணிக்குக் குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பிய பின்னரே பதிவேட்டு வேலை தொடங்குகிறது.