கம்பியில்லா வானிலைக் கருவியும் கல்லுரலும்

வீட்டு மாடியில் நிறுத்திய சிறு கருவியொன்று வெயிலையும் காற்றையும் மழையையும் தானே அளந்து, கம்பியின் துணையின்றி வீட்டினுள் இருக்கும் காட்சிப் பலகைக்கு அறிவிக்கும் விந்தை இந்நாளில் பலர் இல்லங்களிற் காணப்படுகின்றது. நம் கல்லூரி மாணவருள்ளும் இரண்டொருவர் அதனை வாங்கியுள்ளனர். வாங்க விரும்புவோர் இன்னும் பலர். அவ்விருப்பத்தைத் தடுத்தல் எம் கருத்தன்று. ஆயினும், கருவியை வாங்குதல் எளிது, அது கூறுவதை மெய்யாக்குதலே அரிது என்பதும், அவ்வரிய உழைப்பை மேற்கொள்ளாதார் அதனை வாங்காதிருத்தலே நன்று என்பதும் எம் துணிபு. இத்துணிபுக்கு யாம் கொடுத்த விலை நான்கு மூடை விதைநெல்.

எமது ஊர் ஸ்ரீவைகுண்டத்திற்கு அணித்தாகத் தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு சிற்றூர். 2023ஆம் ஆண்டு புரட்டாசித் திங்களில் எம் மாமா இக்கருவியொன்றை வாங்கிவந்து எமக்கு அளித்தார்கள். அப்பொழுது பள்ளியிற் பயின்றுகொண்டிருந்த யாம், அன்று மாலையே அதனை மொட்டைமாடிக்குக் கொண்டுசென்று, தண்ணீர்த் தொட்டிக்கு அருகே கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கட்டினோம். கட்டுதற்கு எளிதாயிருந்தமையன்றி அவ்விடத்தைத் தெரிந்துகொண்டமைக்கு வேறு காரணம் எமக்கில்லை.

அவ்வொரு செயலில் எத்துணைப் பிழைகள் அடங்கியிருந்தன என்பதைப் பின்னரே அறிந்தோம். ஐப்பசித் திங்களின் ஒரு நண்பகலில் எம் காட்சிப் பலகை 44 பாகை வெப்பம் காட்டிற்று. அன்று ஊரில் வியர்வை துடைத்தவர் ஒருவரும் இலர்! வெப்பமானி அளக்கவேண்டுவது காற்றின் வெப்பத்தை. எம்முடையதோ வெயிலிற் காய்ந்த சிமெண்டுத் தளத்தின் வெப்பத்தை அளந்துகொண்டிருந்தது. புல்தரைக்கு மேல் 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், வெயில் நேரே படாமலும் காற்றோட்டம் தடைப்படாமலும் வெப்பமானியை வைத்தல்வேண்டும் என்பது உலக வானிலையாளர் வகுத்த நெறி. சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் தாமஸ் ஸ்டீவன்சன் என்னும் ஸ்காத்லாந்துப் பொறியாளர் இதற்கென்றே சாய்ந்த சட்டங்களாலாகிய வெண்ணிறப் பெட்டியொன்றை அமைத்தார். அவர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் என்னும் நாவலாசிரியரின் தந்தையார் என்பது இலக்கியம் பயில்வார்க்கு உவப்பளிக்கும் செய்தி. இக்காலத்து வீட்டுக் கருவிகளில் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பெற்ற வெண்தட்டுகள் அப்பெட்டியின் வேலையைச் செய்கின்றன. ஆனால், கொதிக்கும் தளத்தின்மேல் வைத்துவிட்டால் எத்தட்டும் காவாது.

காற்றின் செய்தியும் இத்தகையதே. காற்றுமானி தரையினின்று 10 மீட்டர் உயரத்தில், தடையாகும் பொருளின் உயரத்தைப்போற் பத்து மடங்கு தூரம் விலகி நிற்றல்வேண்டும். இவ்விதியை நம் வீடுகளில் நிறைவேற்றுதல் இயலாது. வீட்டுக் காற்றுமானி குறைத்தே கூறும் என்று ஒப்புக்கொண்டு அமைதலே அறிவுடைமை. திசையிலோ எம் பிழைக்கு மன்னிப்பில்லை. கருவியை நிறுத்தும்பொழுதே அதன் வடக்குக் குறியை மெய்யான வடக்கை நோக்கித் திருப்பிவைத்தல்வேண்டும். யாம் குத்துமதிப்பாய் வைத்தோம். அதனால் மார்கழி வாடையைக் கருவி கொண்டல் என்றது. கிழக்கினின்று வருவது கொண்டல், மேற்கினின்று வருவது கோடை, வடக்கினின்று வருவது வாடை, தெற்கினின்று வருவது தென்றல் என நான்கு திசைக்கும் நான்கு பெயர் படைத்த மொழியைப் பயில்வார் வீட்டில் இப்பிழை நிகழ்ந்தது நாணத்தக்கது.

கம்பியில்லா முறையைப் பற்றி மிகுதியாய்க் கூறவேண்டுவதில்லை. நூறு மீட்டர் செல்லும் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது வெட்டவெளிக்கே பொருந்தும். கான்கிரீட்டுச் சுவரும் தகரக் கூரையும் ரேடியோ அலையை மெலிவிக்கும். கம்பியில்லாக் கருவிக்குப் பகை சுவரினுள் மறைந்திருக்கும் கம்பியே என்று எம் மாமா நகையாடுவார்கள். காட்சிப் பலகையைச் சாளரத்தின் அருகே வைத்தும், மின்கலத்தை மழைக்காலத்திற்கு முன்னரே மாற்றியும் இக்குறையைத் தீர்த்துக்கொள்ளலாம்.

நிற்க, காட்சிப் பலகையின் ஒரு மூலையில் ஞாயிறு, முகில், மழை, பனித்துகள் முதலிய சிறு சித்திரங்கள் தோன்றும். வருவதை முன்னறிந்து கூறுவன இவை என்று விற்போர் உரைப்பர். (பனித்துகள் எம்மூரில் இதுகாறும் தோன்றிலது.) இவற்றின் மருமம் யாதெனில், உள்ளிருக்கும் பாரமானி காற்றழுத்தம் இறங்கக் கண்டால் மழையையும், ஏறக் கண்டால் ஞாயிற்றையும் வரைந்து காட்டும் என்பதே; எளிய கருவிகளுக்கு அதற்குமேல் அறிவில்லை. குளிர்நாடுகளில் இம்முறை ஒருவாறு பொருந்தும். வெப்பமண்டலத்ததாகிய நம் நாட்டிலோ, கடலின் ஏற்றவற்றம் போலக் காற்றழுத்தமும் நாடோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்குகின்றது. காலை 10 மணியளவிலும் இரவு 10 மணியளவிலும் அது மிகுந்திருக்கும். மாலை 4 மணியளவிலும் வைகறை 4 மணியளவிலும் தாழ்ந்திருக்கும். ஞாயிற்றின் வெப்பத்தால் வளிமண்டலம் முழுவதிலும் எழும் பேரலையின் விளைவு இது. முகிலே இல்லாத நாளிலும் ஏறக்குறைய 3 ஹெக்டோபாஸ்கல் ஏறியிறங்கும். இதனை அறியாத எம் கருவி, பங்குனி வெயிலிலும் பிற்பகல்தோறும் மழை வரும் என்று சித்திரம் வரைந்து கொண்டிருந்தது. முதலில் வியந்தோம், பின்னர் நகைத்தோம். அச்சித்திரத்தை ஒரு காகிதத்தால் மறைத்துவிட்டுப் பாரமானியின் எண்ணை மட்டும் நோக்குமாறு வாங்குவார்க்கு யாம் கூறுவோம். நாடோறும் வரும் ஏற்றவற்றத்தை மீறி அவ்வெண் இறங்குமாயின், அதுவே கருதத்தக்க செய்தி.

இனி மழையளவை. இவ்வகைக் கருவிகளிற் பெரும்பாலனவற்றில், புனலின் வழியே இறங்கும் நீர் ஏற்றப்பலகை போன்ற இரு சிறு கிண்ணங்களில் ஒன்றை நிரப்பும். நிறைந்தது சாய்ந்து நீரைக் கொட்ட, மற்றது மேலெழும். ஒவ்வொரு சாய்வும் 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர் மழை என்று கருவி எண்ணிக்கொள்ளும். அமைப்பு அழகியது. ஆனால், கிண்ணம் சாயும் இமைப்பொழுதில் விழும் நீர் கணக்கில் வாராமையால், மழை வலுக்க வலுக்கக் கணக்குக் குறையும். புனலின் துளை அடைபடுமாயின் கணக்கே பொய்த்துவிடும்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை எம் வீட்டில் நிகழ்ந்தது அதுவே. அன்று மழை இடைவிடாது பெய்தது. மின்சாரம் நின்றபின்னும் காட்சிப் பலகை தன் மின்கலத்தால் ஒளிர்ந்தது. மாலை 6 மணிக்கு அது காட்டிய அளவு 58 மில்லிமீட்டர். நல்ல மழைதான், பெருமழையன்று என்று வீட்டார்க்குப் பெருமிதத்தோடு படித்துக் காட்டினோம். எம் ஆச்சியோ முற்றத்துக் கல்லுரலை நோக்கினார்கள். நண்பகலில் நீரை இறைத்துவிட்டிருந்த உரல் மீண்டும் நிறைந்து வழிந்தது. அடுத்த காருக்கென அறையில் வைத்திருந்த விதைநெல்லைப் பரணில் ஏற்றுமாறு கூறினார்கள். உரலின் குழி வாய் அகன்று அடி ஒடுங்கியது, ஆதலின் அது மழையை மிகுத்துக் காட்டும் என்று யாம் கணிதம் பேசினோம். “ஏலே, உரல் நெறஞ்சு வழியுது; நீ அந்தப் பெட்டியப் பாத்துக்கிட்டு நிக்கியே!” என்றார்கள் ஆச்சி. தந்தையார் எம் கணிதத்திற்கே தீர்ப்பளித்தார்கள். நள்ளிரவில் வெள்ளம் முழங்காலளவு வீட்டினுள் நின்றது.

முற்றத்து மழைமானி ஆற்றின் வரவை அறியாது என்பது மெய். மேலே மலையிலும் அணையிலும் நிகழ்வதை அதனிடம் வினாவுதல் தகாது. ஆயினும் உண்மையான மழையளவை அறிந்திருப்போமாயின் அன்று ஆச்சியின் சொல்லைத் தள்ளியிரோம். நீர் வடிந்தபின் மாடிக்குச் சென்று பார்த்தோம். வேப்பஞ்சருகும் காக்கையெச்சமும் சேர்ந்து புனலின் துளையை அடைத்திருந்தன. மேலே நீர் வழிந்தோட, உள்ளே துளித்துளியாய் இறங்கியதையே கருவி எண்ணியிருக்கின்றது. இரண்டு திங்களாக அதன் வாயை ஒருமுறையேனும் நோக்காத குற்றம் எம்முடையதே.

அற்றேல், கைப்பேசியிலேயே வானிலை தெரிகின்றதே, இத்தொல்லை எதற்கு என்று வினாவுவார் உளர். கைப்பேசி காட்டும் எண் பெரும்பாலும் பல கிலோமீட்டர் பரப்பிற்குக் கணித்துக் கூறும் எண். உங்கள் முற்றத்தில் அளந்த எண் அன்று. மேற்கூறிய நாளின் மழையை நோக்குமின். டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்திற் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் பதிவாயின. முதலிரண்டு ஊர்களும் ஒன்றற்கொன்று பத்துக் கிலோமீட்டரளவே தூரமுடையன. 2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் காலைக் கணக்கிலும் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டரும் பதிவானமை பலர் அறிந்ததே. ஓரூரில் விழுந்த மழையை அவ்வூரில் அளந்தாலன்றி அறிதற்கில்லை. எனவே வீட்டு நிலையங்கள் வேண்டும். ஆனால் மெய் கூறும் நிலையங்கள் வேண்டும். பலர் தம் கருவியின் எண்களை இணையத்தில் உலகிற்கு வழங்குகின்றனர். தளத்தின் சூட்டைக் காற்றின் சூடென்றும், அடைபட்ட புனலின் துளிகளை ஊரின் மழையென்றும் அங்ஙனம் வழங்குதல் பொய்ச்சாட்சியன்றிப் பிறிதென்னை?

இப்பொழுது எம் வீட்டுக் கருவி மாடியில் இல்லை. மரநிழல் விழாத கொல்லைப்புறத்திற் கம்பத்தில் நிற்கின்றது. அதனருகே நேர்ச்சுவருள்ள ஓர் எளிய ஏனமும் ஓர் அளவுகோலும் உள்ளன. சுவர் நேராயிருந்தால் வாய் அகன்றதாயினும் குறுகியதாயினும் நிற்கும் நீரின் ஆழமே மழையளவாகும். உரலைப் போல் மிகுத்துக் கூறாது. நாடோறும் காலை 8.30 மணிக்கு, அரசாங்க நிலையங்கள் மழையை அளக்கும் அதே பொழுதில், ஆச்சி இரண்டெண்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுவிக்கின்றார்கள். இரண்டும் மிக வேறுபடின் புனலைத் துடைக்க ஆள் ஏவப்படும். ஆண்டுக்கிருமுறை நீரூற்றியும் சோதிக்கின்றோம். 100 சதுர சென்டிமீட்டர் வாயுள்ள புனலில் 100 மில்லிலிட்டர் நீரை அரைமணி நேரம் சொட்டச்சொட்ட விட்டால் 10 மில்லிமீட்டர் காட்டல்வேண்டும்.

நம் கல்லூரியிலும் இத்தகைய நிலையம் ஒன்று வேண்டும் என்பது எம் விண்ணப்பம். விளையாட்டுத் திடலின் கீழ்க்கோடியில் மரமும் சுவருமற்ற புல்தரை உள்ளது. கருவி ஒன்று, கையால் அளக்கும் மழைமானி ஒன்று, தடித்த குறிப்பேடு ஒன்று, முறைவைத்து எழுத மாணவர் எழுவர்: இவை போதும். சென்னையில் 1792இல் வானாய்வுக்கூடம் நிறுவப்பெற்று, 1796 முதல் வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டன. நாடோறும் எழுதினமையால் அவை இன்று விலைமதிப்பற்றனவாயின. ஆண்டுதோறும் இம்மலரில் நம் திடலின் மழைக்கணக்கிற்கு ஒரு பக்கம் ஒதுக்குமாறு ஆசிரியர்க் குழுவினரையும் வேண்டுகின்றோம்.

ஓர் இடர் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓயுமுன்னரே கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்கி விடுதி காலியாகிவிடும். அந்நாட்களில் எழுதுவார் யார் என்று நண்பர் சிலர் எம்மை மடக்கினர். தோட்டக்காரப் பெரியவரிடம் சென்று வினவினோம். தாம் முப்பது ஆண்டுகளாய் மழைபெய்த மறுநாள் மண்வெட்டியால் தோண்டி ஈரம் எத்துணை ஆழம் இறங்கியுள்ளது என்று பார்த்துவருவதாகவும், எண்ணை எழுதுதல் அதனினும் எளிதே என்றும் கூறி இசைந்தார். குறிப்பேட்டை மட்டும் மழையில் நனையாதவாறு யாமே வாங்கித்தரவேண்டுமாம்.