நடவுக்கு ஆளில்லை என்னும் புலம்பல்

‘படித்த பிள்ளைகள் சேற்றில் இறங்க மறுக்கிறார்கள்’ என்ற புலம்பல் புவனகிரி வட்டாரத்தில் சம்பா நடவின்போதெல்லாம் கேட்கிறது. புலம்புவோர் பெரும்பாலும் நில உடைமையாளர்கள். ஆள் கிடைக்கவில்லை என்பதே அவர்களது குறை. அந்த ஆள் எந்தத் தெருவிலிருந்து வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

புவனகிரிக்கு அருகிலேயே இருக்கிறது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலம். அங்கு இடம்பெறப் போட்டியிடுவோரில் சேரிப் பிள்ளைகளும் உண்டு. விவசாயத்தை வெறுப்பவர்கள் ஏன் வேளாண்மை படிக்க வேண்டும்? வேளாண் அலுவலர் பணி, வங்கி வேலை என்று காரணங்கள் இருக்கின்றன. அதில் தவறேதும் இல்லை. ஆனால் நிலமுள்ள வீட்டுப் பிள்ளை, வேலை கிடைக்காவிட்டால், கற்றதைத் தன் வயலில் செய்து பார்க்கலாம். நம் பிள்ளைக்கு அதற்கு ஒரு குழி நிலமும் இல்லை. அவன் ஊர் திரும்பினால் காத்திருப்பது தாத்தா பார்த்த அதே கூலி வேலை. ஆகவே அவன் சென்னைக்கும் திருப்பூருக்கும் போகிறான். அவன் மறுப்பது மண்ணை அன்று. பிறர் வரப்பில் கைகட்டி நிற்பதை.

2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். இந்திய அளவில் விவசாயத்தில் உழைக்கும் பட்டியல் சாதியினரில் சுமார் 71 விழுக்காட்டினர் நிலமற்ற கூலிகள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், நாட்டின் சாகுபடிப் பரப்பில் இவர்கள் கையில் இருந்தது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. 1892இல் வெள்ளையர் அரசு ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்கள், ஒடுக்கப்பட்டோருக்கன்றி வேறெவருக்கும் கைமாறக் கூடாது என்ற நிபந்தனையைத் தாண்டிக் கைமாறின.

நந்தனாரின் ஊராகச் சொல்லப்படும் ஆதனூர் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதிய சரித்திரத்தில், சிதம்பரம் போக வேண்டுமானால் நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்துவிட்டுப் போ என்கிறார் பண்ணையார். இன்றைய புலம்பலின் குரலும் அதுவே. அதே சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தா நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கியது பண்ணைக்கு ஆள் தயாரிக்க அன்று.

2020இல் மேல்புவனகிரி உள்ளிட்ட கடலூர் மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்கள் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் சேர்க்கப்பட்டன. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் நெய்வேலி நிறுவனத்தின் இயந்திரங்கள் விளைந்து நின்ற நெற்பயிரை அழித்து வாய்க்கால் வெட்டின. எதிர்ப்பு நியாயமானது, நாமும் எதிர்த்தோம். எனினும் பேச்செல்லாம் பட்டாதாரர் இழப்பீட்டைச் சுற்றியே நின்றது. அந்த வயலில் நாற்று நட்டவளுக்கு எத்தனை நாள் கூலி போனது என்று கேட்டவர்கள் சிலரே. உழவர்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் ஒன்றிய அரசின் திட்டமும் தன் பெயரில் நிலமுள்ளவருக்கே கிடைக்கிறது.

தாட்கோவின் ‘நன்னிலம்’ திட்டம் நிலமற்ற பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் நிலம் வாங்கப் பாதி விலையை, 5 லட்சம் ரூபாய் வரை, மானியமாகத் தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் மீதிப் பணத்தைப் புரட்டினாலும் நன்செய்யைச் சேரிக்கு எழுதிக்கொடுக்க விற்பவர் மனம் இசைய வேண்டுமே! பஞ்சமி நில மீட்புக்கு எவருடைய இசைவும் தேவையில்லை, சட்டம் போதும். விடுமுறைக்கு ஊர் வரும் மாணவர்கள் தம் கிராமத்தின் அ-பதிவேட்டையும் பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டையும் கேட்டு வாங்கி, எந்தப் புல எண் யாருக்கு ஒப்படைக்கப்பட்டது, இன்று யார் பெயரில் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து, அந்தப் பட்டியலை அடுத்த கிராமசபையில் வைக்கலாம்.