மணலியிலிருந்து தணிகைக்கு

ஆடிக் கிருத்திகை நெருங்கினால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லீவு கேட்டு நிற்கும் கூட்டம் கூடிவிடும். மஞ்சள் வேட்டியும் புஷ்பக் காவடியுமாக ஊத்துக்கோட்டை வழியே திருத்தணிக்குப் புறப்படுகிறவர்கள் அவர்கள். படிகள் 365, வருஷத்தின் நாளுக்கு ஒன்று என்பார்கள். ஏறி முடித்துத் திரும்பிப் பார்த்தால் கீழே ஊர், ரேணிகுண்டா போகும் ரயில் பாதை, வடக்கே நகரிப் பக்கத்து மலைகள். இதற்கென்று தனியாகக் காட்சிக் கோபுரம் கட்ட வேண்டியதில்லை.

இந்த உச்சி எத்தனை பேரைப் பாட வைத்திருக்கிறது! அருணகிரிநாதர் தணிகைக்கு மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட திருப்புகழ் பாடினார். ஆனால் நம் பக்கத்துக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது முத்துஸ்வாமி தீட்சிதரின் கதை. அவர் தந்தை ராமஸ்வாமி தீட்சிதரை ஆதரித்தவர் மணலி முத்துகிருஷ்ண முதலியார். ஆமாம், இன்று சுத்திகரிப்பு ஆலைப் புகைபோக்கிகளால் நாம் அடையாளம் சொல்லும் அதே மணலிதான். காசியில் சிதம்பரநாத யோகியிடம் இருந்துவிட்டு மணலிக்குத் திரும்பிய இளைஞர் திருத்தணிக்கு வந்தார். மலையில் ஒரு முதியவர் அவர் வாயில் கற்கண்டைப் போட்டு மறைந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அங்கே பிறந்ததுதான் 'ஸ்ரீநாதாதி குருகுஹோ', அவருடைய முதல் கிருதி. ராகம் மாயாமாளவகௌளை, பாட்டு கற்கும் குழந்தை சரளி வரிசை தொடங்கும் ராகம். தொடர்ந்து எட்டு வேற்றுமைகளுக்கும் ஒவ்வொன்றாகக் கிருதிகள் செய்தார். கடைசிவரை அவர் முத்திரை 'குருகுஹ'.

பின்னால் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் வந்தார். ஆங்கிலப் புத்தாண்டன்று பழமும் மாலையுமாக வெள்ளைக்கார துரைகளைப் பார்க்க ஓடியவர்களைத் தணிகை துரையிடம் அழைத்துப் போனவர் அவர். டிசம்பர் 31 இரவு, படிக்கு ஒரு திருப்புகழ் பாடி ஏறும் வழக்கம் அப்படி வந்தது.

இந்தக் கதைகளை ஆண்டுக்கு ஒருமுறை சபா மேடையில் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறோம். எனக்கு அது போதவில்லை. மணலி, எண்ணூர், கும்மிடிப்பூண்டிப் பள்ளிகளில் சொல்ல வேண்டும். தொழிற்சாலைப் புகைக்கு நடுவே வளரும் பிள்ளைக்குத் தன் ஊரிலிருந்து ஒருவர் மலையேறிப் போய்ப் பாட்டோடு இறங்கினார் என்பது தெரியட்டும். இந்த ஆடியில் காவடி எடுப்பவர்கள் வேனில் போகும்போது அந்த முதல் கிருதியை ஒருமுறை போட்டுக் கேளுங்கள். பம்பையும் சிலம்பும் முழங்கத் தொடங்குமுன் அதற்கு நேரம் இருக்கிறது.