கணையப் புற்றுநோய்: ஒரு மருந்து போதாது, இரண்டைக் கலந்தால் மட்டும் போதுமா?

புற்றுநோய்களில் மிகப் பொல்லாதவற்றில் ஒன்று கணையப் புற்றுநோய். அமெரிக்கக் கணக்குப்படி, ஐந்து வருடம் தாண்டி உயிரோடு இருப்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 13 பேர்தான். கணையம் வயிற்றின் பின்புறம் ஒளிந்திருக்கும் உறுப்பு. அதனால் நோய் தெரியவரும்போது பெரும்பாலும் பரவிவிட்டிருக்கும்.

2018-ல் ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோஞ்சோ இருவருக்கும் நோபல் பரிசு வாங்கித் தந்தது இம்யூனோதெரபி. நம் உடலின் காவல்காரர்களான டி-செல்களுக்குப் போடப்பட்ட பிரேக்கை இந்த மருந்துகள் எடுத்துவிடுகின்றன. தோல், நுரையீரல் புற்றுநோய்களில் பலருக்கு இது மறுவாழ்வு தந்தது. கணையத்தில் பெரிதாகப் பலிக்கவில்லை. அந்தக் கட்டியைச் சுற்றி நார்த்திசு கோட்டைச் சுவர் மாதிரி நிற்கிறது. உள்ளே டி-செல்கள் மிகக் குறைவு. வண்டியே இல்லாத இடத்தில் பிரேக்கை எடுத்து என்ன லாபம்?

இன்னொரு வழி, குறிவைத்துத் தாக்கும் மருந்து. இந்த நோயாளிகளில் சுமார் 90 சதவீதம் பேருக்கு கேராஸ் என்ற ஜீன் கெட்டுப்போயிருக்கும். அதைத் தடுக்கும் முதல் மருந்தான சோட்டோராசிப் 2021-ல்தான், அதுவும் நுரையீரல் புற்றுநோய்க்கு, அனுமதி பெற்றது. அது குறிவைக்கும் ஜி12சி மாற்றம் கணைய நோயாளிகளில் நூற்றுக்கு ஓரிருவருக்கே உண்டு. அதிகம் பேருக்கு இருப்பது ஜி12டி. தவிர, ஒரு பாதையை அடைத்தால் புற்றுநோய் வேறு பாதை கண்டுபிடித்துவிடும்.

அப்படியானால் இரண்டையும் சேர்த்தால்? 2023-ல் வெளியான எலி ஆய்வுகளில், ஜி12டி-யைத் தடுத்ததும் டி-செல்கள் கட்டிக்குள் நுழைந்தன. கூடவே இம்யூனோதெரபியும் கொடுத்தபோது பலன் நீடித்தது. ஒன்று கதவைத் திறக்கிறது, மற்றது காவலரை உசுப்புகிறது. சேர்ப்பதற்கு இதுதான் சரியான காரணம்.

ஆனால் எலி வேறு, மனிதன் வேறு. நுரையீரல் புற்றுநோயில் சோட்டோராசிப்பையும் இம்யூனோதெரபியையும் சேர்த்தபோது பலருக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது 2022-ல் தெரியவந்தது. எதை முதலில் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதெல்லாம் முறையான சோதனைகளில்தான் தெளிவாகும்.

அதுவரை, சில மாதங்களே மிச்சமுள்ள நோயாளியிடம் "இம்யூனோதெரபி இருக்கிறது" என்று சொல்லிக் கடன் வாங்க வைப்பது சிகிச்சை அல்ல, நம்பிக்கை வியாபாரம். விதிவிலக்கு உண்டு. டிஎன்ஏ பழுதுபார்க்கும் அமைப்பு கெட்டுப்போன சுமார் ஒரு சதவீதம் பேருக்கு, இந்தக் குறைபாட்டுக்காக 2017-ல் அனுமதி பெற்ற பெம்ப்ரோலிசுமாப் உதவக்கூடும். அந்த ஒருவரைக் கண்டுபிடிக்கவும் ஜீன் பரிசோதனை வேண்டும். எனவே முதலில் பரிசோதனை, பிறகு மருந்து. இந்த வரிசை மாறினால் நஷ்டம் நோயாளிக்குத்தான்.