புல்லுருவி அன்று!

ஆர்க்கிட் என்றதும் நம் மாணவ நண்பர்களின் மனக்கண்ணில் தோன்றுவது மலைநாட்டுக் குளிரும் செல்வர் வீட்டுக் கண்ணாடிக் கூடமுமே. புத்தூர் மாந்தோப்பு யார் நினைவுக்கு வருகிறது? மேனாட்டுத் தோட்டக்காரர் உறைபனி தாங்கும் ஆர்க்கிட்டைத் தேடுகிறார். அது அவர் கவலை. நமக்கு வேண்டியது சித்திரை வெயில் தாங்கும் ஆர்க்கிட். அது நம் மாமரக் கிளையிலேயே இருக்கிறது!

வாண்டா டெசலேட்டா என்பது அதன் பெயர். ராக்ஸ்பர்க் 1795-இல் சோழமண்டலக் கரைத் தாவர நூலில் படத்துடன் வெளியிட்டார். 'வாண்டா' என்பதே வடமொழியிலிருந்து போனதுதான். பழுப்புக் கட்டமிட்ட இதழ், நீலம் பாய்ந்த உதடு, நல்ல மணம். வேரைப் போர்த்திய வெண்பஞ்சுறை மழைநீரை உறிஞ்சி வைக்கும். பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறப்பதால் வெயிலில் வாடுவதில்லை.

இதைப் புல்லுருவி என்று பிய்த்தெறிகிறோமே, அதுதான் கொடுமை! புல்லுருவி கிளைக்குள் வேர்விட்டுச் சாற்றைத் திருடும். இதுவோ கிளைமேல் குடியிருப்பது. மரத்தின் சோற்றில் கை வைப்பதில்லை. குடியிருப்பவனுக்கும் கொள்ளையனுக்கும் ஒரே தண்டனையா?

சிங்கப்பூரைப் பாருங்கள். ஆக்னஸ் ஜோக்கிம் அம்மையார் தோட்டத்தில் 1893-இல் கிடைத்த கலப்பு மலர் 1981-இல் அந்நாட்டின் தேசிய மலராயிற்று. நம் வாண்டாவையும் அயல்நாட்டார் கலப்பினத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நாமோ குப்பையில் போடுகிறோம்.

விதை தூசு போன்றது, உள்ளே உணவில்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சை துணை செய்தால்தான் முளைக்கும் என்று 1899-இல் பெர்னார்டு கண்டார். சர்க்கரையும் உப்புகளும் கலந்த அகாரில் பூஞ்சையின்றியே முளைக்கும் என 1922-இல் நட்சன் காட்டினார். அகாரும் குடுவையும் இல்லாத தாவரவியல் கூடம் உண்டா?

பூக்கப் பல ஆண்டாகும், நாம் மூன்றாண்டில் போய்விடுவோமே என்பர் சிலர். போனால் என்ன? மூத்தவர் விதைக்கட்டும், இளையவர் நடட்டும், அவருக்குப் பின் வருபவர் மணம் நிறமறிந்து கலக்கட்டும். ஒருவர் பெயரில் நடக்க வேண்டிய வேலையா இது?

தாய்ச்செடிக்காகச் சேஷாசல வனத்தில் கை வைக்க வேண்டாம். அது சட்டத்துக்கும் புறம்பு. அறுவடை முடிந்து கிளை கழிக்கும் நாளில் தோப்புக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கழித்த கிளையில் ஒட்டியிருப்பதை வேர் முறியாமல் எடுத்து, விடுதி வேப்பமரத்தில் தேங்காய் நார் வைத்துக் கட்டலாம். மண் மட்டும் போட்டுவிடாதீர்கள், வேர் அழுகிவிடும்.