மிருதங்கம் செய்தவர் யார்?

மிருதங்கக் கச்சேரிக்குக் கூட்டம் கூடுகிறது. வாசிப்பவருக்கு மாலை விழுகிறது. அந்த மிருதங்கத்தைச் செய்தவர் யார்? கேட்பார் இல்லை!

பலா மரக் கட்டையின் இரு பக்கமும் தோல் மூட்டு. மூட்டின் ஓரத்தில் தோல் பின்னல். பின்னலின் கண்களில் எருமைத் தோல் வாரை நுழைத்து, இரு மூட்டுகளையும் இழுத்துக் கட்டுகிறார்கள். ஓர் இடத்தில் இழுப்புக் குறைந்தாலும் சுருதி சேராது. இதை ஏட்டில் படித்துக் கற்க முடியாது. தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து மகன் பழகிய தொழில் இது.

1966-ஆம் ஆண்டு பாலக்காடு மணி அய்யருக்கு 'சங்கீத கலாநிதி' பட்டம் கிடைத்தது. மிருதங்க வித்துவான் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் தடவை. அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்தவர் பர்லாந்து. டி. எம். கிருஷ்ணா 2020-இல் எழுதிய நூல் வந்த பிறகுதான் அந்தப் பெயர் பலருக்குத் தெரிந்தது.

காரணம் சாதி. தோலைத் தொட்டவரை ஒதுக்கினார்கள். தோலின் ஓசையை ரசித்தார்கள். இது நியாயமா?

நெசவு போல், தச்சு போல், தோல் பின்னலும் கலைதான். சுந்தரர் பிறந்த திருநாவலூரானாலும் சரி, சென்னையானாலும் சரி, எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் பள்ளியிலேயே இதைக் கற்றுக் கொடுக்க வேண்டும். கச்சேரி அழைப்பிதழில், வாசிப்பவர் பெயருக்குக் கீழே செய்தவர் பெயரையும் அச்சிட வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு வரி மைதான்!